தகாச்சின் இடது கை: சாதனை எது, கதை எது?

தாமரைக்குளம்:
எங்கள் குடும்பக் குழுவில் அந்த ஃபார்வர்ட் நேற்று மறுபடியும் வந்தது. வலது கை போன ராணுவ வீரர், ஒரே வருடத்தில் இடது கையால் சுட்டு ஜெயித்தார், அப்புறம் ஒலிம்பிக் தங்கம். கடைசியில் "உனக்கு என்ன குறை?" என்று ஒரு வரி. பெயரைக் கரோலி டகாக்ஸ் என்று போட்டிருந்தார்கள். ஹங்கேரிக்காரர்கள் உச்சரிப்பில் அவர் காரோய் தகாச்.

அதில் பாதி விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். 1910இல் புடாபெஸ்டில் பிறந்தவர். படையில் சார்ஜென்ட். 1936 பெர்லின் ஒலிம்பிக் சமயத்திலேயே உலகத் தரத்தில் சுட்டவர். ஆனாலும் அணியில் எடுக்கவில்லை. கமிஷன் பெற்ற அதிகாரிகளுக்கு மட்டும்தான் இடம் என்று அங்கே விதி. பெர்லின் முடிந்த பிறகு அந்த விதியை எடுத்தார்கள். சரி, இனி வழி திறந்தது என்று இருந்தபோது, 1938இல் பயிற்சியில் பழுதான கையெறிகுண்டு ஒன்று அவர் வலது கையிலேயே வெடித்தது. சுடுகிற கை அதுதான்.

ஒரு மாதம் மருத்துவமனை. வெளியே வந்து, யாரிடமும் சொல்லாமல் இடது கையில் பழகினார். 1939இல் ஹங்கேரியின் தேசிய பிஸ்டல் போட்டியில் முதலிடம். அதே வருடம் உலகப் போட்டியில் ஆட்டோமேட்டிக் பிஸ்டல் பிரிவில் வென்ற ஹங்கேரி அணியிலும் இருந்தார். அப்புறம் போர். 1940, 1944 இரண்டு ஒலிம்பிக்கும் நடக்கவில்லை. 1948 லண்டனில், 38 வயதில், 25 மீட்டர் ரேப்பிட் ஃபயர் பிஸ்டலில், அதாவது சில விநாடிக்குள் வேகமாகச் சுடும் பிரிவில், 580 புள்ளி எடுத்து உலக சாதனையோடு தங்கம். 1952 ஹெல்சிங்கியில் மறுபடியும் தங்கம்.

பிஸ்டல் பிடித்தவர்களில் இவருக்கு மேல் ஆள் இல்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
மறுக்கிறேன். அவரைக் குறைத்துச் சொல்ல வரவில்லை, "மேல் ஆள் இல்லை" என்பதைத்தான் மறுக்கிறேன்.

ஒன்று, பிஸ்டல் போட்டி ஒற்றைக் கை ஆட்டம். விதியே அதுதான். 2024 பாரிஸில் துருக்கியின் யூசுஃப் டிகெச் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுட்டு வெள்ளி வாங்கிய படத்தைப் பார்க்காதவர் இல்லை. மற்றக் கைக்கு இங்கே வேலையே கிடையாது. இதையே ஒரு வில்வித்தைக்காரருக்கோ பளு தூக்குபவருக்கோ நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசியுங்கள்.

அடுத்தது 1948இல் எதிரே நின்றவர்கள். 1936 பெர்லினில் இதே பிரிவில் தங்கமும் வெள்ளியும் ஜெர்மனிக்குப் போயின, வான் ஓயனுக்கும் ஹாக்ஸுக்கும். 1948இல் ஜெர்மனியையும் ஜப்பானையும் அழைக்கவே இல்லை. சோவியத் யூனியனும் வரவில்லை. பாதிக் களம் காலியாக இருந்த போட்டி அது.

நான் சொல்லும் ஆள் தென் கொரியாவின் ஜின் ஜோங்-ஓ. 50 மீட்டர் பிஸ்டலில் 2008, 2012, 2016 என்று வரிசையாக மூன்று தங்கம். ஒரே தனிநபர்ப் பிரிவில் தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் துப்பாக்கி வீரர் அவர்தான். 2012இல் 10 மீட்டர் ஏர் பிஸ்டலிலும் தங்கம். 2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங் வெள்ளிகளையும் சேர்த்தால் ஆறு பதக்கம். அவருடைய கதையில் வெடிகுண்டு இல்லை, அதனால்தான் அவரைப் பற்றி ஃபார்வர்ட் வருவதில்லை.

பத்தாம்வளையம்:
நான் ஆறு வருடமாக ஒரு ரைஃபிள் கிளப்பில் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். பெரிய ஆள் இல்லை, மாவட்ட அளவு. கணக்கு சார் சொன்ன முதல் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஒற்றைக் கை ஆட்டம்தான். ஆனால் எந்த ஒற்றைக் கை என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ட்ரிகரில் விரல் வைத்துப் பார்க்காதவர்களுக்கு இது புரியாது. ஏர் பிஸ்டலில் ட்ரிகர் எடை, அதாவது அதை அழுத்தத் தேவையான விசை, குறைந்தபட்சம் 500 கிராம். அந்த அரைக் கிலோவை ஆள்காட்டி விரலின் முதல் கணு மட்டும் நேர்பின்னால் அழுத்த வேண்டும். மணிக்கட்டுக்கும், கிரிப்பைப் பிடித்திருக்கிற மற்ற மூன்று விரல்களுக்கும் அது தெரியவே கூடாது. எனக்கு இது வலது கையில் சுமாராகப் படிய இரண்டு வருடம் ஆனது.

அப்புறம் கண். குறி பார்க்கும்போது இரண்டு கண்ணில் ஒன்றுதான் முன்னால் நிற்கும், அதுதான் ஆளும் கண். என் ஆளும் கண் வலது. வலது கையை நீட்டினால் ஃப்ரண்ட் சைட் (பிஸ்டல் முனையில் இருக்கிற குறிமுள்) தானாகவே அந்தக் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். இடது கைக்கு மாறினால் தலையைத் திருப்ப வேண்டும், கழுத்து பிடிக்கும். இல்லாவிட்டால் இடது கண்ணைப் பழக்க வேண்டும். கால் வைக்கிற கோணமும் தலைகீழாக மாறிவிடும். ஒரு கையை இன்னொரு கையாக மாற்றுவது இல்லை இது, முழு உடம்பையும் மறுபடி முதலிலிருந்து கட்டுவது.

இன்னொன்று. தகாச் சுட்டது என்னைப்போல நிதானமாகச் சுடும் பிரிவு இல்லை. ரேப்பிட் ஃபயரில் 25 மீட்டர் தூரத்தில் ஐந்து டார்கெட் பக்கம் பக்கமாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு குண்டு. முதலில் 8 விநாடி, அப்புறம் 6, அப்புறம் 4. நான்கு விநாடியில் கையை உயர்த்தி, முதல் டார்கெட்டில் சுட்டு, மற்ற நான்குக்கும் நகர்ந்து சுட்டு முடிக்க வேண்டும். துப்பாக்கி ஒவ்வொரு தடவையும் உதைக்கும். யோசித்தால் நேரம் போய்விடும், உடம்பு தானாகச் செய்ய வேண்டும். உடம்பு தானாகச் செய்ய எத்தனை ஆயிரம் தடவை பழகியிருக்க வேண்டும்? அப்படி 60 குண்டு. அறுபதும் டார்கெட்டில், 600க்கு 580.

அந்த 580ஐப் பற்றி ஃபார்வர்டில் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

ஹவில்தார்:
22 வருடம் காலாட்படையில் இருந்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் 1938லிருந்து கதையைத் தொடங்குகிறீர்கள். எனக்கு 1936தான் வலிக்கிறது.

குண்டு வெடித்தது விபத்து. சார்ஜென்ட் என்பதற்காக ஒருவனை வீட்டில் நிறுத்தி வைத்தது மனிதர்கள் செய்தது. தோளில் இருக்கிற பட்டையைப் பார்த்து, "உன் குறி நன்றாக இருக்கிறது, ஆனால் நீ வர முடியாது" என்றால் அந்த மனிதன் அன்று இரவு எப்படித் தூங்கியிருப்பான்?

நம் படையில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். 2012 லண்டனில், தகாச் தங்கம் வாங்கிய அதே 25 மீட்டர் ரேப்பிட் ஃபயரில், இந்தியாவின் விஜய் குமார் வெள்ளி வாங்கினார். அன்றைக்கு அவர் சுபேதார். அதிகாரி மெஸ்ஸில் உட்காரும் பதவி இல்லை அது. சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக ஏறி வருகிற பதவி. 1936இல் ஹங்கேரியில் இருந்த விதி நம்மிடம் இருந்திருந்தால் அந்த வெள்ளி வந்திருக்காது. அவர் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

தகாச் கடைசியில் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றார். அதிகாரி இல்லை என்று சொல்லித் தடுத்த அதே படையில். தம்பி தாமரைக்குளம், அடுத்த முறை இந்தக் கதையை யாருக்காவது சொன்னால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தாமரைக்குளம்:
சொல்கிறேன் ஐயா. விஜய் குமாரையும் இதையும் சேர்த்து எனக்கு யோசிக்கத் தோன்றவே இல்லை.

கணக்கு சார், காலி களம் என்றீர்களே, அங்கே ஒருவர் இருந்தார். அர்ஜென்டினாவின் கார்லோஸ் என்ரிக்கே தியாஸ் சாயென்ஸ் வாலியென்தே. 1947 உலக சாம்பியன், லண்டனில் தங்கத்துக்கு எதிர்பார்க்கப்பட்டவர். போட்டிக்கு முன்னால் அவர் தகாச்சைப் பார்த்து, இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதாகவும், "கற்றுக்கொள்ள வந்தேன்" என்று இவர் சொன்னதாகவும் சொல்வார்கள். முடிந்த பிறகு வெள்ளி வாங்கிய அர்ஜென்டினாக்காரரே வந்து, போதுமான அளவு கற்றுக்கொண்டீர்கள் என்றாராம். பேச்சு அப்படியே நடந்ததோ இல்லையோ, புள்ளி பொய் சொல்லாது: 580, 571. நடப்பு உலக சாம்பியனை 9 புள்ளியில் பின்னால் விட்டார்.

சோவியத் யூனியன் வரவில்லை என்றீர்கள். 1952 ஹெல்சிங்கிக்கு வந்தார்கள். ஜெர்மனிக்காரர்களும் வந்தார்கள். அங்கேயும் தகாச்தான், 579. இந்தப் பிரிவில் தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்ட முதல் ஆள். 42 வயதில்.

இன்னொன்று எழுதும்போதுதான் கண்ணில் பட்டது. டோக்கியோ கைவிட்டதால் 1940 ஒலிம்பிக் ஹெல்சிங்கிக்குப் போனது. 1944 லண்டனுக்குக் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் போர் தின்றது. 30 வயதிலும் 34 வயதிலும் போயிருக்க வேண்டிய அதே இரண்டு ஊருக்கும் அவர் 38 வயதிலும் 42 வயதிலும் போய், இரண்டிலும் தங்கம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எப்படி வேறு பெயரைச் சொல்வேன்?

கணக்குப்பிள்ளை:
பத்தாம்வளையம், ஒற்றைக் கை வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். கண் மாறுவதைப் பற்றி நான் யோசித்ததில்லை. நன்றி.

களத்தைப் பற்றிச் சொன்னதில் நிற்கிறேன். 1952இல் 579, சரி. இரண்டாவது வந்தவர் அவர் நாட்டுக்காரரே, சிலார்ட் குன், 578, அப்போது அவருக்கு வயது 17. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். 1956 மெல்போர்னில் தகாச் எட்டாவது. மூன்றாவது தடவை அங்கே நின்றுவிட்டது. ஜின்னுக்கு நிற்கவில்லை. இதே ரேப்பிட் ஃபயரில் கூட ஜெர்மனியின் ரால்ஃப் ஷூமன் 1992, 1996, 2004 என்று மூன்று தங்கம் வைத்திருக்கிறார்.

ஜின் ரியோவில் சுட்டதைத் தயவுசெய்து ஒரு தடவை தேடிப் பாருங்கள். 2016, 50 மீட்டர் இறுதிச் சுற்று. ஒன்பதாவது குண்டு 6.6. இந்த அளவில் 6.6 என்றால் வழுக்கி விழுந்ததற்குச் சமம். கடைசி இடத்தில் இருப்பவரை ஒவ்வொருவராக வெளியே அனுப்பும் முறை, அவர் வெளியேறும் விளிம்பில் நிற்கிறார். 2004 ஏதென்ஸிலும் இதே மாதிரி ஒரு 6.9 விழுந்துதான் தங்கம் கைவிட்டுப் போனது. அது நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்? அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, நான்கு நாள் முன்பு வியட்நாமுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்த ஹோவாங் சுவான் வின்னைத் தாண்டி, 193.7, ஒலிம்பிக் சாதனை. வின் எடுத்தது 191.3.

அந்த 50 மீட்டரில் பத்துப் புள்ளி வட்டம் 5 சென்டிமீட்டர்தான். கை நடுங்கினால் போச்சு. 2008இல் அவருக்கு அடுத்து வெள்ளி வாங்கிய வட கொரியாவின் கிம் ஜோங்-சு, நடுக்கத்தைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரையில் மாட்டிப் பதக்கத்தை இழந்தார். அப்படிப்பட்ட ஆட்டத்தில் சோவியத் வீரர் மெலென்டியேவ் 1980 மாஸ்கோவில் 60 குண்டில் எடுத்த 581, 34 வருடம் அசையாமல் நின்றது. 2014இல் ஸ்பெயினின் கிரனடாவில் 583 எடுத்து அதை உடைத்தவர் ஜின்.

தகாச்சிடமிருந்து போர் இரண்டு ஒலிம்பிக்கைப் பறித்தது. ஜின்னிடமிருந்து ஆட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ஆண், பெண் சமமாக இருக்க வேண்டும், கலப்பு இரட்டையர் போட்டி வேண்டும் என்று 2020 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன்னால் 50 மீட்டர் பிஸ்டலை நீக்கினார்கள். சமத்துவம் வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பெண்களுக்கும் 50 மீட்டரைக் கொடுத்திருக்கலாமே? நான்காவது தங்கத்துக்கு அவரைச் சுடக்கூட விடவில்லை. டோக்கியோவில் 10 மீட்டரில் 15ஆவதாக வந்து முடித்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சிவகாமி:
நான் துப்பாக்கி பார்த்தவள் இல்லை. ஆனால் இந்த ஃபார்வர்டைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் தம்பிக்கு நான்கு வருடம் முன்னால் ஒரு பட்டறையில் பவர் பிரஸ்ஸில் வலது கை மூன்று விரல் போனது. தையல் பிரிப்பதற்குள் இந்தச் செய்தி மூன்று சொந்தக்காரர்களிடமிருந்து அவன் போனுக்கு வந்தது. ஒருவர் போன் செய்து, "படிச்சியா? அவன் ஒரே வருஷத்துல ஜெயிச்சான்டா" என்றார். தம்பி அன்றைக்கு சோறு பிசைய முடியாமல் ஸ்பூனோடு போராடிக்கொண்டிருந்தான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடாமலே எழுந்தான்.

தகாச் பெரியவர், மறுக்கவில்லை. ஆனால் அவர் படையிலேயே தொடர்ந்தார். துப்பாக்கியும் தோட்டாவும் சுட இடமும் எட்டுகிற தூரத்தில் இருந்தன. அதற்கு முன்பே உலகத் தரத்தில் சுட்டவர். என் தம்பிக்குப் பட்டறையில் அந்த மாதச் சம்பளமே இழுபறி. ஒருவர் செய்ததை எடுத்து, அடிபட்ட எல்லோருக்கும் அளவுகோலாக நீட்டுவது சரியில்லை. "உனக்கு என்ன குறை?" என்ற அந்தக் கடைசி வரியை யார் எழுதினார்களோ, அவர்கள் அடிபட்ட ஒருவர் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்ததில்லை.

இன்னொரு பதிப்பில் அவரை "உலகின் முதல் மாற்றுத்திறனாளி ஒலிம்பியன்" என்றும் போடுகிறார்கள். அதுவும் தவறு. 1904 செயின்ட் லூயிஸில் ஜார்ஜ் ஐசர் மரக்காலோடு ஜிம்னாஸ்டிக்ஸில் ஆறு பதக்கம் வாங்கினார், அதில் மூன்று தங்கம். ஹங்கேரியிலேயே ஒலிவேர் ஹலாஷி, இடது காலின் கீழ்ப்பகுதி இல்லாமல் வாட்டர் போலோ ஆடி 1932, 1936 தங்க அணிகளில் இருந்தார். தகாச்சுக்கே சொந்த நாட்டில் முன்னோடி உண்டு.

ஹவில்தார்:
அம்மா சிவகாமி, தம்பி இப்போது எப்படி இருக்கிறார்?

சிவகாமி:
நன்றாக இருக்கிறான் ஐயா. மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான். காயில் சுற்றுவது இடது கையில்தான். ஒரு வருடம் இல்லை, மூன்று வருடம் ஆனது.

தாமரைக்குளம்:
அக்கா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். எங்கள் குழுவில் அதை அனுப்பியவர் என் பெரியப்பா. வேலை போய் வீட்டில் இருக்கும் அவருடைய மகனுக்காகத்தான் அனுப்பியிருக்கிறார் என்று இன்றைக்குத்தான் புரிந்தது. சாயந்திரம் அவர் வீட்டுக்குப் போய் உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அப்புறம் போனை எடுத்து அதை நீக்கினார்.

தகாச் பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் அவர் பழகும்போது யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. 1939 போட்டிக்கு அவர் வந்து நின்றபோது, வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று மற்ற வீரர்கள் நினைத்துக் கைகொடுத்ததாகச் சொல்வார்கள். இத்தனை நாள் அதை நான் கதையின் திருப்பமாகத்தான் படித்தேன். ஒருவேளை அந்த ஒரு வருடம் யாரும் அறிவுரை சொல்ல வரக்கூடாது என்றுகூட அவர் நினைத்திருக்கலாம்.

பத்தாம்வளையம்:
ஞாயிற்றுக்கிழமை ஒன்று செய்து பார்த்தேன். எங்கள் கிளப்பில் ஒரு பள்ளிக்கூடப் பெண் இடது கைக்காரி. என் பிஸ்டலின் கிரிப் வலது உள்ளங்கைக்குச் செதுக்கியது, இடது கையில் பிடிக்கவே முடியாது. அதனால் அவளிடம் பிஸ்டலைக் கேட்டு வாங்கி, 10 மீட்டரில் 40 பெல்லட் சுட்டேன்.

வலது கையில் 40 குண்டுக்கு, 400இல் 360 பக்கம் எடுப்பேன். இடது கையில் 262. பாதிக்கு மேல் கறுப்பு வட்டத்துக்கு வெளியே. ஒன்று அட்டையிலேயே இல்லை. பதினைந்தாவது குண்டுக்குமேல் முன்கை எரிய ஆரம்பித்தது. ஃப்ரண்ட் சைட் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. ட்ரிகரை அழுத்த நினைத்தால் மொத்தக் கையும் சேர்ந்து இறுகியது. இதில் எனக்கு விநாடிக் கணக்கு இல்லை; ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். இரண்டு கையும் நல்ல கை. மருத்துவமனையில் இருந்து வரவில்லை.

சிவகாமி அக்கா, முப்பதாவது குண்டு சுடும்போது உங்கள் தம்பியின் ஸ்பூன்தான் நினைவுக்கு வந்தது.

கணக்குப்பிள்ளை:
262. குறித்துக்கொண்டேன். ஜின்தான் மேலே என்பதில் எனக்கு மாற்றமில்லை, ஆனால் தகாச்சின் 580க்குப் பக்கத்தில் இனி இந்த எண்ணும் எனக்கு நினைவில் இருக்கும். மறுபடியும் இடது கையில் சுடுவீர்களா?

பத்தாம்வளையம்:
அடுத்த ஞாயிறும் சுடுகிறேன். அந்தப் பெண் பிஸ்டலைத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். தலையை அவ்வளவு திருப்பாதே அக்கா என்றாள்.